மிச்சம் பிடிக்கும் வள்ளல்

சீனத் தொழிலாளர் உள்ளே வரலாகாதென்று 1882-ல் சட்டம் இயற்றி, 1943-ல் அதை ரத்துச் செய்தபோதுகூட வருஷத்துக்கு 105 சீனருக்குமேல் கூடாதென்று எண்ணி எண்ணி உள்ளே விட்ட அமெரிக்காவில், 1965-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டம் கதவை அகலத் திறந்த பிறகு வந்து சேர்ந்த சீனக் குடும்பங்கள், எண்ணிச் செலவழிக்கும் வித்தையில் அந்தத் தேசத்துக்கே குருஸ்தானம் வகிப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் குருமார்களுள் ஒருவரைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துக்குக் கிழக்கேயுள்ள சான் கேப்ரியல் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். மான்ட்டரே பார்க், அல்ஹாம்ப்ரா, ரோஸ்மீட் என்று, எது எங்கே முடிகிறதென்று தெரியாதபடி ஒட்டிக்கிடக்கும் அந்த ஊர்களில், கடைப் பலகைகளில் சீன எழுத்துக் கம்பீரமாக வீற்றிருக்க, ஆங்கிலம் அதன் காலடியில் அடக்கமாக நிற்கும். நம் கிருகஸ்தர் வீட்டு வாசலில் வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னும் யார் வரவில்லை?" என்று உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்.

ஹாங்காங்கில் பிறந்தவர், எஞ்சினீயர் உத்தியோகம், வீட்டுக் கடனை என்றோ அடைத்துவிட்டவர். ஆகையால் அவருடைய சிக்கனத்துக்கு வறுமை காரணமென்று எவரும் அனுதாபப்பட வேண்டாம். அவர் வீட்டில் பாத்திரம் கழுவும் யந்திரம் ஒன்று உண்டு. வீடு வாங்கிய நாள் முதலாக அது கையால் கழுவிய கிண்ணங்களைக் கவிழ்த்து வைக்கும் அலமாரியாகவே சேவை செய்து வருகிறது. டென்மார்க் பிஸ்கத்து டப்பாவைத் திறந்தால் ஊசியும் நூலும் இருக்கும். தொலைக்காட்சியின் ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை; அந்த உறை அழுக்காகாமலிருக்க அதற்கும் ஓர் உறை போடலாமா என்ற யோசனை நிலுவையில் இருக்கிறது.

சனிக்கிழமைப் பிரயாணத்தில் முதற் காரியம், குழந்தைகளைச் சீனப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது. வாரம் ஐந்து நாளும் இங்கிலீஷில் படித்துவிட்டு ஆறாம் நாளும் படிக்க வேண்டியிருக்கும் தம் விதியை அவர்கள் அந்த இங்கிலீஷிலேயே நொந்துகொள்வார்கள். முன் ஆசனத்தில் வீற்றிருக்கும் பாட்டிக்கு அது அர்த்தமாகாதாகையால் வண்டியில் சமாதானம் நிலவும். அடுத்தது காஸ்ட்கோ. அந்தப் பிரம்மாண்டமான கிட்டங்கியின் வாசலில் மலிவான பெட்ரோலுக்காக அரைமணி நேரம் பெட்ரோலை எரித்துக்கொண்டு வரிசையில் நிற்பதிலுள்ள தர்க்கத்தை அவரிடம் கேட்கத் துணிந்தவர்கள் இல்லை. உள்ளே, தட்டில் வைத்து இலவசமாக நீட்டும் மாதிரிப் பண்டங்களைக் குடும்பத்தோடு ஒரு சுற்றும், தொப்பியைக் கழற்றிவிட்டு மறு சுற்றும் ருசி பார்த்தபின், 1980-களின் நடுவிலிருந்து விலையேறாமல் ஒன்றரை டாலருக்கே விற்றுவரும் ஹாட் டாக்கின் முன்னால் அவர் ஒரு கணம் நிற்பார். அவருடைய நாவுக்கு அது உகந்த பதார்த்தமன்று. விலைக்காகச் செய்யும் மரியாதை அது.

பிறகு சீனர்களின் பெரிய அங்காடியான 99 ராஞ்ச். இங்கே அதிகாரம் பாட்டியின் கைக்கு மாறிவிடும். தொட்டியில் நீந்துகிற மீன்களைக் கண்ணாடி வழியாக வெகுநேரம் நிதானித்து, "அதோ, மூலையில் அடங்காமல் துள்ளுகிறதே, அது!" என்று அவள் விரல் நீட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. வாங்கிய மீனைக் கூலியில்லாமல் அங்கேயே பொரித்தும் கொடுப்பார்களாகையால், வீட்டு அடுப்பும் எண்ணெயும் மிச்சம். கீரைக் கட்டுகளில் ஒவ்வொரு தண்டாக ஒடித்துப் பார்த்து அவள் பொறுக்குவதற்குள், மருமகள் ஐம்பது பவுண்டு அரிசி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தள்ளுபடிச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிவிடுவாள். பில்லில் நாற்பது சென்ட் கூடுதலாக விழுந்திருந்தால் நம்மவர் மானேஜர்வரை போவார். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். நாற்பது சென்ட் திரும்பி வரும்.

இப்பேர்ப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேறு மனிதராகிவிடுகிறார்.

ஞாயிறு, தேநீரும் திம்சம் என்னும் சிற்றுண்டிகளும் சாப்பிடும் நாள். கல்யாண மண்டபம் போன்ற அந்த உணவு விடுதியில் சீட்டு வாங்கிக் காத்திருந்து, வட்ட மேஜையைச் சுற்றி மூன்று தலைமுறையும் உட்கார்ந்ததும், முதல் கோப்பைத் தேநீரால் கிண்ணங்களையும் குச்சிகளையும் அலம்புவார்கள். ஒருவர் தேநீர் ஊற்றினால் மற்றவர் மேஜையில் இரண்டு விரலால் தட்டி வந்தனம் தெரிவிப்பார். மாறுவேஷத்தில் சஞ்சரித்த சியன்லுங் சக்கரவர்த்தி தம் சேவகனுக்குத் தாமே தேநீர் ஊற்ற, மண்டியிட்டால் வேஷம் கலைந்துவிடுமே என்று அவன் விரல்களை மடக்கி மண்டியிட வைத்தானென்று கதை சொல்லுவார்கள். மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கத் தள்ளுவண்டிகள் வந்தவண்ணம் இருக்கும். இறால் கொழுக்கட்டை, பன்றி இறைச்சி வைத்த வெள்ளை ரொட்டி, கறுப்பு அவரைச் சாற்றில் ஊறிய கோழிக்கால் என்று ஒவ்வொரு கூடை இறங்கும்போதும் மேஜையிலுள்ள அட்டையில் ஒரு முத்திரை விழும். அந்த அட்டைதான் பிற்பாடு பில்லாக மாறும். நம்மவருடைய ஒரு கண் கொழுக்கட்டையிலும் மறு கண் அந்த அட்டையிலும் இருக்கும்.

எதிரே உட்கார்ந்து அதே அட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் மனைவியின் தமையனார். இருபது வருஷமாக இவ்விருவருக்கும் யுத்தம் நடந்து வருகிறது. பங்கு போட்டுக் கொடுப்பது என்ற இளைஞர் வழக்கம் இருவர் காதிலும் ஏறாது. ஒருவர் முழுத் தொகையையும் கொடுத்தே தீரவேண்டும், மற்றவர் தோற்றே ஆகவேண்டும். கை கழுவப் போவதாக எழுந்து காசாளரிடம் கடன் அட்டையை முன்கூட்டியே ஒப்படைப்பது பழைய உபாயம். அதற்கு மாற்று, அவருக்கு முன்பே போய்க் கை கழுவுவது. பில் வந்ததும் நான்கு கைகள் அதன்மேல் விழும்.

"நீங்கள் உட்காருங்கள், போன தடவை நீங்கள்தான் கொடுத்தீர்கள்!"

"போன தடவை கொடுக்க விட்டீர்களா? என் மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது!"

"அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், என்னை அவமானப்படுத்தாதீர்கள்!"

அம்மாவோ மிஞ்சிய கொழுக்கட்டைகளைக் காகிதப் பெட்டியில் அடுக்குவதில் கண்ணாயிருப்பாள். புதிதாகப் பார்க்கிறவர்கள் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசிப்பார்கள். சிப்பந்திகளோ எந்தப் பக்கத்தின் பணத்தையும் தொடாமல் வெகு நடுநிலையாக நிற்பார்கள். நேற்று நாற்பது சென்டுக்காகப் போராடிய மனிதரா இவர் என்று கேட்பவர்களுக்கு அவரைத் தெரியாது என்றுதான் சொல்வேன். நேற்றைய நாற்பது சென்ட் இன்றைய நூற்றைம்பது டாலருக்காகவே சேர்ந்தது; அந்நியனுக்கு ஒரு சென்ட் அதிகம் போனால் அது நஷ்டம், மைத்துனர் முன்னால் தம் கை முந்தாமற் போனால் அது மானபங்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தமையனாருக்கே ஜயம். குழந்தையின் மூலமாகக் கடன் அட்டையைக் காசாளருக்கு அனுப்பிவிட்டார். நம்மவர் முகம் வாடி உட்கார்ந்திருந்தபோது கையெழுத்துக்காக ரசீது வந்தது. சும்மா பார்க்கலாமே என்று வாங்கிப் பார்த்தவர், மேஜைமேலிருந்த காலிக் கூடைகளை ஒருமுறை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். கோழிக்கால் இரண்டு கூடைதான் வந்தது, மூன்றென்று எழுதியிருந்தது. உடனே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "அதற்கென்ன, விடுங்கள், என் பணந்தானே!" என்று தமையனார் கெஞ்சக் கெஞ்ச, அவர் கையை உதறிவிட்டு மானேஜரைத் தேடிக்கொண்டு மண்டபத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார்.