குலுக்கிப் பார்த்து அனுப்பு

கேள்வி: கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த விண்கலத்தை, ஏவும் முன்பே போட்டுக் குலுக்குகிறார்களே, உடைந்துவிடாதா?

பதில்: உடைவதானால் இங்கேயே உடையட்டும், மேலே போனபின் ஸ்பேனரோடு யார் ஏறுவது? சந்திரயான்-3ஐ 2023 மார்ச்சில் பெங்களூரில் இப்படிக் குலுக்கித்தான் சோதித்தார்கள்.

இதில் அழகான நுட்பம் ஒன்று உண்டு. முதலில் மெல்ல ஆட்டி, எந்த அதிர்வெண்ணில் கலம் அதிகமாகத் துள்ளுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு பலமான குலுக்கல். மறுபடியும் மெல்ல ஆட்டம். அந்த அதிர்வெண் கணிசமாக நகர்ந்திருந்தால் உள்ளே திருகு தளர்ந்திருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம். சந்தையில் பாட்டி பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவாரே, அதே கணக்கு!

இந்தக் குலுக்கலை அதிர்ச்சிச் சோதனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சில மில்லி விநாடியில் விழும் ஒரே அடி.

இப்படிக் குலுங்கிப் போன சந்திரயான்-3இன் தரையிறங்கு கலம் அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று நிலவில் பத்திரமாக இறங்கியது.