பிரின்சிபால் மேடத்துக்கு ஒரு சலூன்காரன் எழுதிக்கொண்டது

அழகுக்கலை மற்றும் ஹோலிஸ்டிக் தெரபிப் பயிற்சி நிலையத்தின் பிரின்சிபால் மேடம் அவர்களுக்கு,

தங்கள் நிலையத்தில் ஆறு மாத டிப்ளமோ முடித்த மாணவியின் தகப்பன் நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டு 31 வருடமாகச் சலூன் நடத்துகிறேன். பட்டமளிப்பு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சமோசா எங்கள் வரிசைக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அதைப் பற்றி எனக்குக் குறை ஒன்றுமில்லை.

மகளுக்கு இரண்டு சான்றிதழ் கொடுத்தீர்கள். ஒன்றில் 'பியூட்டி தெரபிஸ்ட்' என்று இருக்கிறது, இன்னொன்றில் 'ரெய்கி இரண்டாம் நிலை' என்று இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே தங்க பார்டர், ஒரே முத்திரை, தங்களுடைய அதே கையெழுத்து. சுவரில் ஆணி அடிப்பதற்கு முன்னால் சில சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன். 65,000 ரூபாய் கட்டியவன் நாலு கேள்வி கேட்கலாம், தப்பில்லை என்று கடைக்கு வரும் கெமிஸ்ட்ரி வாத்தியார் தைரியம் சொன்னார்.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். மகளின் நோட்டைப் படித்தேன். உசுய் மிக்காவோ என்ற ஜப்பான்காரர் 1922-இல் குராமா மலையேறி, 21 நாள் பட்டினி கிடந்து, கையை வைத்தே நோய் தீர்க்கிற இந்த ரெய்கிச் சக்தியைப் பெற்றாராம். என் மகள் ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் இரண்டு நிலையைப் பெற்றுவிட்டாள். பட்டினியும் இல்லை, இரண்டு நாளும் எலுமிச்சை சாதமும் அப்பளமும். ஹவாய்த் தீவில் இதைப் பரப்பிய தக்காத்தா அம்மாள் மாஸ்டர் பட்டத்துக்கு 10,000 டாலர் வாங்கினாராம். 1980-இல் அவர் கண்ணை மூடும்வரை 22 பேரைத்தான் மாஸ்டர் ஆக்கினாராம். தாங்கள் ஆடித் தள்ளுபடியில் ஒரே மத்தியானத்தில் முப்பது பேரை ஆக்கினீர்கள். இந்த வளர்ச்சியை ஜப்பான்காரர் பார்த்திருந்தால் மலைப்பக்கமே போயிருக்கமாட்டார்.

இரண்டாம் நிலை பெற்றவர் தூரத்திலிருந்தே சக்தி அனுப்பலாம் என்றும் நோட்டில் இருக்கிறது. இரண்டாவது தவணை பாக்கி இருந்த சமயத்தில், அதையும் அதே வழியில் அனுப்பிவிடட்டுமா என்று தங்கள் ஆபீஸில் கேட்டுப் பார்த்தேன். அங்கே இருந்த பெண் சிரிக்காமல் ஜிபே நம்பரைக் கொடுத்தது.

வாத்தியார் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் எமிலி ரோசா என்று ஒரு சின்னப் பெண். உடம்பைத் தொடாமல் கையை மேலே வைத்தே நோயாளியின் சக்தியை உணர்கிறோம் என்று சொன்னவர்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். அது ரெய்கி இல்லை, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் அட்டையை நிறுத்தி, அதில் இரண்டு ஓட்டை போட்டு, அவர்களுடைய கைகளை நீட்டச் சொன்னாள். காசைச் சுண்டிவிட்டு, விழுந்தபடி ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையை வைத்தாள். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 பேர், 280 தடவை. சரியாகச் சொன்னது நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு 'வலது, வலது' என்று சொல்லிக்கொண்டே இருந்திருந்தால்கூட பாதி தேறியிருக்கும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையிலேயே இது வந்தது. சோதனையை ஆரம்பித்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அட்டை என்னிடம் இருக்கிறது மேடம். பிளேடு டப்பா வந்த பெட்டி. தாங்கள் ஒரு தேதி சொன்னால் கொண்டுவருகிறேன்.

நோட்டில் இருக்கிற உள்ளங்கால் படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூனிஸ் இங்காம் என்ற அமெரிக்க அம்மாள் 1930-களில் கல்லீரல், கிட்னி, இருதயம் எல்லாவற்றுக்கும் பாதத்தில் இடம் குறித்துப் படம் போட்டதாகப் பாடம். மகள் என் காலில்தான் செய்து பழகினாள். ஓர் இடத்தில் அழுத்தியதும் வலித்தது. "அப்பா, உங்களுக்குக் கிட்னி வீக்" என்றாள். பயந்துபோய் 400 ரூபாய்க்கு ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், கிட்னி நன்றாக இருக்கிறது. தினம் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவன் காலை எங்கே அழுத்தினாலும் வலிக்கும். ஆனால் அமுக்கிவிட்டது சுகமாக இருந்தது, அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். சுகம் என்று சொல்லியே விற்றிருந்தால் நானே கடையில் போர்டு வைத்திருப்பேன்.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

த்ரெட்டிங்குக்கு எத்தனை நாள் ஒதுக்கினீர்கள்? நாலு நாள். நான் கத்தி பிடித்த கதையைச் சொல்கிறேன். ஊதின பலூனில் சோப்பு நுரை தடவிக் கொடுப்பார் என் அப்பா. வெடிக்காமல் மழிக்க வேண்டும். வெடித்தால் முதுகில் ஒன்று விழும். பலூனுக்குப் பிறகு அவருடைய முழங்கால், அதற்குப் பிறகு என் சித்தப்பா. மனுஷன் தொண்டையில் நான் கத்தி வைக்க எட்டு மாதம் ஆயிற்று. புருவமும் அப்படித்தானே? நூல் ஒரு சுற்று தப்பினால் ஒரு பெண் ஒரு மாதம் கண்ணாடி பார்க்கமாட்டாள். அந்த நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்யக் கூடாது, ஒருத்திக்குப் போட்ட நூலை இன்னொருத்திக்குப் போடக் கூடாது, மரு இருந்தால் தொடக் கூடாது, பரவும். இதை என் மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் கடையில் ஆளுக்கு ஒரு பிளேடு என்ற பழக்கம் வந்து எத்தனையோ வருடமாகிறது. தங்கள் நிலையத்தில் ஒரே மரக்குச்சியை வேக்ஸ் சட்டியில் முக்கி முக்கி எடுத்ததாகச் சொல்கிறாள்.

நானும் யோக்கியன் இல்லை. ரொம்ப காலம் கழுத்தில் சொடுக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கஸ்டமருக்குப் பிடிக்கும், பத்து ரூபாய் கூடக் கிடைக்கும். கழுத்தைப் படக்கென்று திருப்பினால் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம் என்று ஷேவிங்குக்கு வந்த ஒரு டாக்டர் சொன்ன அன்றோடு விட்டுவிட்டேன். தெரியாமல் செய்தது வேறு, பாடத்திட்டம் அச்சடித்துச் செய்வது வேறு.

என் தங்கைக்கு நடந்ததைத் தாங்கள் கேட்க வேண்டும். மருமகள் டிப்ளமோ வாங்கிவிட்டாள், வெளியில் எதற்குப் போக வேண்டும் என்று ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் தலைக்குச் சாயம் போட வந்தாள். மகளும் ஆசையாகப் போட்டுவிட்டாள். விடிந்ததும் பார்த்தால் தங்கைக்கு நெற்றி வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக்கொண்டிருக்கிறது. கல்யாண போட்டோ முழுக்க முக்காடு. ஜி.எச். தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் விட்டுப் பார்த்தீங்களா?" சாயத்தில் பாராஃபினிலீன் டையமின் என்று ஒன்று இருக்கிறதாம். சிலருக்கு அது ஆகவே ஆகாதாம். மகளின் நோட்டைப் புரட்டினேன். 'அலர்ஜி' என்று தலைப்பு, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு, அதற்குக் கீழே காலி. அன்றைக்கு மத்தியானம் கிரிஸ்டல் தெரபி ஒர்க்‌ஷாப் வந்துவிட்டதாம்.

தாங்கள் கொடுத்த கிட் பெட்டியில் ஒரு வெள்ளை கிரீம் இருந்தது. செய்தவன் பேரும் இல்லை, ஊரும் இல்லை. 'கலர் வரும்' என்று மட்டும் மேடம் சொன்னார்களாம். கேரளாவில் மலப்புரம் பக்கத்து டாக்டர்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பார்த்தார்கள். அதில் 15 பேருக்கு ஒரே மாதிரி அடையாளம், அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் என்று பேப்பரில் வந்தது. கிரீமில் கலந்த பாதரசம் செய்கிற வேலை. எங்கள் சலூனில் காலையில் எல்லாருக்கும் முன்னால் வருவது பேப்பர்தான் மேடம். கிரீமைக் குப்பையில் போட்டுவிட்டேன், கிட்டுக்குத் தனியாக வாங்கிய 4,500 ரூபாயில் அதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கள் நோட்டீஸையும் படித்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம் மூன்றும் குணமாகும் என்று வண்ணத்தில் அச்சடித்திருக்கிறது. இந்த மூன்றும் 1954-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றின் பட்டியலில் இருக்கின்றன. மருந்தாலோ மந்திரத்தாலோ குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யக் கூடாத 54 நோய்களின் பட்டியல் அது. தங்களிடம் பிரதி இல்லையென்றால் வாத்தியார் ஜெராக்ஸ் எடுத்துத் தருவார்.

கடைசியாக ஒன்று. இது சந்தேகம் இல்லை.

சேர்க்கையன்று தாங்கள் என் மகளிடம் கேட்டீர்கள்: "ஃபேமிலியில் இதுக்கு முன்னாடி யாராவது வெல்னஸ் ஃபீல்டில் இருந்திருக்காங்களா?" நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் "இல்லை மேடம்" என்றாள்.

என் அம்மா ஊர் மருத்துவச்சி. அந்த ஊரில் என் வயதுக்காரர்கள் பாதிப்பேர் அவள் கையில்தான் விழுந்தார்கள். பிரசவம் பார்க்கப் பின்வாசல் வழியாகத்தான் போவாள். கூலி நெல்லும் ஒரு பழைய சேலையும். என் அப்பா எண்ணெய் தேய்த்துவிட்டு உடம்பு பிடித்துவிடுவார். சித்த வைத்தியத்தில் அதற்குத் தொக்கணம் என்று பேர், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை. பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரியில் இதையெல்லாம் ஐந்தரை வருடப் படிப்பில் வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பேர்கள் தெரியாது, கைக்குத் தெரியும். என் மகள் எஃப்லராஜ், பெட்ரிசாஜ், டபோட்மான் என்று ஒரு வாரம் உருப்போட்டாள். ஸ்வீடிஷ் மசாஜுக்கு ஏன் பிரெஞ்சுப் பேர் என்று கேட்டேன். பேர் வைத்தவர் ஹாலந்துக்காரராம். அப்பா தட்டினால் அது கூலிவேலை, டபோட்மான் என்றால் ஏசி ரூமில் மணிக்கு 2,000 ரூபாய். இந்தக் கணக்கைத் தாங்கள் உண்டாக்கவில்லை, எனக்குத் தெரியும். அதற்கு ரசீது போடுகிறீர்கள், அவ்வளவே.

சான்றிதழ் எங்கள் வீட்டுக்குப் புதிதும் இல்லை மேடம். 'மருத்துவர்' என்று எழுதி, தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் என் பீரோவில் இருக்கிறது. சாதிச் சான்றிதழ். அறுபத்தைந்தாயிரம் ஆகவில்லை. அதை ஒருநாளும் நாங்கள் சுவரில் மாட்டியதில்லை.

ரெய்கிச் சான்றிதழை இத்துடன் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த இரண்டு நாளை அடுத்த பேட்ச் பிள்ளைகளுக்கு அலர்ஜிப் பாடத்துக்குக் கொடுங்கள். ஃபிரேமை மட்டும் எடுத்துக்கொண்டேன், நல்ல ஃபிரேம். அதில் இப்போது மகள் தன் கையால் எழுதிய அறிவிப்பு இருக்கிறது: 'சாயம் போட வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாக வந்து காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்துக்கொள்ளவும். அதற்குக் காசு கிடையாது.'

இப்படிக்கு,
தங்கள் மாணவியின் தகப்பன்