50-க்கு எத்தனை?

அமெரிக்காவில் பீருக்கு மார்க் போடுகிறார்கள். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாய்க்குள் கனக்கிறதா வழுக்குகிறதா என்பதற்கு 5, மிச்சம் 10 ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் போட்டிகளுக்கென்று 1985-இல் தொடங்கிய நடுவர் அமைப்பின் கணக்கு இது. நடுவராக வேண்டுமென்றால் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். வியன்னா பீர் என்ன நிறத்தில் இருக்கலாம், பவேரியாக் கோதுமை பீரில் கிராம்பு வாசனை எதுவரை போகலாம் என்று வகைவகையாக எழுதிய பாடத்திட்டமும் உண்டு. பீர் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் 13-க்குக் கீழே போடுவதில்லை என்பது அவர்களுடைய மரியாதை. என் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்கு இந்த மரியாதை கடைசிவரை தெரியாது.

இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தவன் கிளீவ்லாந்தில் இருக்கும் என் மச்சினன். தூத்துக்குடியில் இருந்தவரை காபியில் சர்க்கரை போட மறந்தால்கூடக் கவனிக்காமல் குடித்துவிட்டுப் போகிறவன். இப்போது ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, "அத்தான், பின்னால லேசா ரொட்டி ஓரம் வருது பாத்தீங்களா?" என்கிறான். பின்னால் என்றால் எங்கே என்று நான் திரும்பிப் பார்த்தேன். நாக்குக்குப் பின்னாலாம்.

நாங்கள் அங்கே போனது பீருக்காக இல்லை, தியாகராஜ ஆராதனைக்காக. கிளீவ்லாந்தில் 1978 முதல் நடந்துவரும் விழா. சென்னையிலிருந்து வித்வான்கள் விமானம் ஏறி வந்து பாடுகிறார்கள், அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்குப் போட்டிகளும் உண்டு. என் மனைவி போனது கச்சேரிக்கு. மச்சினன் மகள் போட்டிக்கு. நான் பை தூக்க. மச்சினனுக்கு மட்டும் அரங்கத்துக்குள் நுழையத் தடை. தடை விதித்தது விழாக்காரர்கள் இல்லை, மகள். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தப்புத் தாளம் போட்டால் தன்னால் பாட முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டாள். வாசலிலேயே நின்றவன் என்னைப் பார்த்து, "வாங்க அத்தான், நாமளும் ஒரு பாரம்பரிய நிகழ்ச்சிக்குப் போவோம்" என்றான்.

அந்த 1978-இல்தான், அக்டோபர் மாதம், ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1920-இல் வந்த மதுவிலக்கு 1933-இல் போனபோது, வீட்டில் ஒயின் செய்துகொள்ளலாம் என்று அனுமதித்த அரசாங்கம் பீரை அம்போவென்று விட்டுவிட்டது. அந்தப் பாக்கியைத் தீர்க்க 45 வருஷம் ஆயிற்று. சட்டம் வந்த நேரத்தில் நாடு முழுக்க பீர் ஆலைகள் நூறுகூட இல்லை. இருந்தவற்றிலும் பெரும்பாலும் ஒரே வெளிறிய லாகர். இன்று ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன. கராஜிலும் சமையலறையிலும் பானை வைத்தவர்கள் பலர் பின்னாளில் ஆலை வைத்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் கிடையாது. 1977-இல் உலக பீர்களைப் பற்றி ஓர் ஆங்கிலேயர் எழுதிய புத்தகம் இருந்தது. அவர் பெயர் மைக்கேல் ஜாக்சன். இவர் ஆடமாட்டார், குடிப்பார்.

புத்தகம் பார்த்துப் படித்தவர்களின் ஆசாரம் கொடூரமானது. மயிலாப்பூரில் பாட்டுக் கிளாஸுக்குப் போகிற பெண் ஸ்கூட்டரில் சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போவாள். ஓஹையோவில் பாட்டுப் படிக்கும் என் மருமகளோ, ஒரு சங்கதி கூடினால் எந்தப் பாடாந்தரம் என்று கேட்கிறாள். பீர் விஷயமும் இதேதான். பெல்ஜியத்துக் கிராமத்தான் கைக்குக் கிடைத்ததைப் போட்டு வடித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பான். அமெரிக்காக்காரன் அந்தக் கிராமத்துத் தண்ணீரில் கால்சியம் எத்தனை என்று பார்த்து, உள்ளூர்த் தண்ணீரில் உப்பைக் கலந்து சரிசெய்த பிறகுதான் அடுப்பையே பற்றவைக்கிறான்.

காரை விட்டுவிட்டு டாக்சி பிடித்து ஆற்றைக் கடந்தோம். கயஹோகா ஆறு. எண்ணெய்க் கழிவு மிதந்து 1969-இல் தீப்பிடித்து எரிந்த ஆறு. அந்த அவமானத்தின் பெயரிலும் இந்த ஊரில் ஒரு பீர் விற்கிறார்கள். நாங்கள் போனது அதைக் காய்ச்சும் ஆலைக்கு, கிரேட் லேக்ஸுக்கு. 1988-இல் இரண்டு சகோதரர்கள் தொடங்கியது. மரப்பலகையில் குழி, குழிக்கொரு குட்டி கிளாஸ். இந்த ஏற்பாட்டுக்கு ஃப்ளைட் என்று பெயர். எனக்கு அந்த அளவு திருப்தி இல்லை. ஒரு கிளாஸைப் பற்றி மச்சினன் பேசி முடிப்பதற்குள் நான் பலகையையே முடித்துவிடலாம்.

முதல் குழியில் டோர்ட்மண்டர் கோல்டு. டோர்ட்மண்ட், ஜெர்மனியில் நிலக்கரியும் எஃகுமாக இருந்த ஊர். சுரங்கத்திலிருந்தும் உலையிலிருந்தும் வருகிறவன் நிறையக் குடிக்க வேண்டும், ஆனால் சப்பென்றும் இருக்கக் கூடாது என்று 19-ஆம் நூற்றாண்டில் அங்கே உருவான பொன்னிற லாகர். பிறகு பில்ஸ்னர் மோகம் வந்து அதை ஊரிலேயே ஓரங்கட்டிவிட்டது. கிளீவ்லாந்தும் எஃகு ஊர்தான். இங்கே அது ஆலையின் முதல் பிள்ளை. 1990-இல் டென்வரில் நடந்த பீர்த் திருவிழாவில் தங்கப் பதக்கம் வாங்கியதும், அதுவரை இருந்த பெயரைக் கழற்றிவிட்டுப் பதக்கத்தையே பெயராக்கிக்கொண்டது. கசப்பு தலைதூக்குகிற இடத்தில் முளைகட்டிய பார்லியின் இனிப்பு வந்து உட்கார வைக்கிறது. இனிப்பு வழவழக்கத் தொடங்கினால் கசப்பு கிள்ளிவிடுகிறது. நான் 40 போட்டேன். ரொட்டி ஓரம் எனக்கும் வந்தது என்று மச்சினனிடம் சொல்லவில்லை, சொன்னால் நிறுத்தமாட்டான்.

இரண்டாவது, வியன்னா வகை. 1841-இல் ஆன்டன் டிரேஹர் என்பவர் வியன்னாவுக்குப் பக்கத்தில் காய்ச்சிய செம்பு நிற லாகர். 20-ஆம் நூற்றாண்டில் வியன்னாவிலேயே ஏறக்குறைய செத்துப்போய், மெக்சிகோவில் ஒண்டிக்கொண்டிருந்தது. கிரேட் லேக்ஸ் அதற்கு வைத்த பெயர் எலியட் நெஸ். சிகாகோவில் அல் கபோனின் திருட்டு பீர் ஆலைகளை உடைத்த மதுவிலக்கு அதிகாரி; பிறகு கிளீவ்லாந்துக்குப் பாதுகாப்பு இயக்குநராக வந்தவர். நாங்கள் உட்கார்ந்திருந்த பாரில் இருக்கும் குண்டுத் துளைகளுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு கதை சொல்கிறார்கள். பீப்பாயை உடைத்த மனுஷனின் பெயரிலேயே பீப்பாய் திறப்பதைவிடப் பெரிய பழிவாங்கல் எனக்குத் தெரிந்து இல்லை. அவர் பெயரைச் சொல்லி இன்னொரு கிளாஸ் வாங்கினோம்.

திரும்பும்போது எதிரே இருக்கும் வெஸ்ட் சைடு மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினோம். 1912-இல் கட்டிய அழகான சந்தை. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வசதியாக இருக்கும்.

அசல் பரீட்சை வீட்டின் பேஸ்மென்ட்டில் நடந்தது. அங்கே தனி ஃப்ரிட்ஜ். மேல்தட்டில் தோசை மாவு, கீழே பல மாநிலத்து பாட்டில்கள். எல்லாம் புளிக்கிற சமாசாரம்தானே என்று பேசி அந்த இடத்தை வாங்கியிருக்கிறான். மேசையில் மதிப்பெண் தாள், சீவிய பென்சில்.

மெய்ன் மாநிலத்து அலகாஷ் ஒயிட் முதலில் வந்தது. பெல்ஜியக் கோதுமை பீர். மோர்த் தெளிவின் நிறம், கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல். தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர எதுவும் கூடாது என்று 1516-இல் பவேரியாவில் சட்டம் போட்டார்களே, அந்தச் சட்டத்தின் கண்ணில் இது பட்டிருந்தால் கைதாகியிருக்கும். மச்சினன் முகர்ந்து முகர்ந்து, "ஏதோ மசாலா..." என்று இழுத்தான். "மல்லி. வறுக்காதது. ஒண்ணுரெண்டா தட்டிப் போட்டிருக்கான்" என்றேன். பென்சில் கையிலிருந்து விழுந்துவிட்டது. பரீட்சைக்குப் படித்தவன் அவன். அம்மி இருந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

இந்த வகை பீர் இன்று உலகத்தில் இருப்பதே ஒரு பால்காரரின் பிடிவாதத்தால்தான். பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்ற ஊரில் நூற்றாண்டுகளாகக் காய்ச்சிவந்த இதை, 1950-களில் கடைசி ஆலையும் மூடிக் கைவிட்டுவிட்டார்கள். பியர் செலிஸ் என்கிற பால்காரர் சின்ன வயதில் அந்த ஆலையில் கூடமாட வேலை செய்தவர். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு 1960-களின் நடுவில் மறுபடி காய்ச்சினார். அது பிய்த்துக்கொண்டு விற்றது. 1985-இல் ஆலை எரிந்தது. பெரிய கம்பெனி பணத்தோடு உள்ளே வந்தது. கடைசியில் செலிஸ் வெளியே வந்தார். மற்றவர்கள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உட்காருகிற வயதில் அவர் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினுக்குப் போய் 1992-இல் மறுபடி ஆலை தொடங்கினார். தொப்பி போட்ட மாட்டிறைச்சி நாட்டில் ஆரஞ்சுத் தோல் பீர்! அதுவும் விற்றது. அதையும் ஒரு பெரிய கம்பெனி வாங்கியது, பிறகு மூடியது. அவர் 2011-இல் காலமானார். 2017-இல் மகள் அதே ஆஸ்டினில் அப்பாவின் பெயரைத் திரும்ப ஏற்றினார். இந்தக் கதையைச் சொல்லும்போது மச்சினனுக்குத் தொண்டை அடைத்தது. அதற்கு அலகாஷ்தான் மருந்து என்றான்.

ஜெர்மன் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டும் போடுவதில்லை, ஈஸ்ட் செய்கிற வேலை. ஓரிகனில் 1986-இல் விட்மர் சகோதரர்கள் வேறொரு ஜெர்மன் வகையின் ஈஸ்டைப் போட்டுக் கோதுமை பீரை அதே ஜெர்மன் பெயரில் இறக்கினார்கள். வாழைப்பழம் வராமலே ஒரு தலைமுறை அமெரிக்கர்கள் அதை விரும்பிக் குடித்தார்கள். ஆசாரக்காரர்கள் நாட்டிலும் இப்படி ஓரிருவர் வேண்டும்.

அலமாரி மேலே திறக்காத ஒரு பாட்டில் தனியாக நின்றது. மாசச்சூசெட்ஸில் ஸ்பென்சர் என்ற இடத்து டிராப்பிஸ்ட் துறவிகள் காய்ச்சியது. ஜாம் விற்று மடத்தை நடத்திக்கொண்டிருந்தவர்கள், பெல்ஜியம் போய்ப் படித்துவந்து, ஐரோப்பாவுக்கு வெளியே முதல் டிராப்பிஸ்ட் பீரை 2014-இல் விற்பனைக்கு விட்டார்கள். 2022-இல் கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டார்கள். "இதத் திறக்க மாட்டேன் அத்தான்" என்றான். கேட்கவே இல்லை என்றேன்.

அடுத்து ஒரு பண்ணை பீர், காட்டு ஈஸ்ட் போட்டது. 1904-இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் அடையாளம் கண்ட பிரெட்டனோமைசிஸ். இந்த ஈஸ்டின் மணத்தைச் சொல்ல உலகமெங்கும் நடுவர்கள் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்: குதிரைப் போர்வை. திட்டு இல்லை, பாராட்டு! மச்சினன் உருகி 44 போட்டான். நான் மரியாதை மார்க்கோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரம் மேலே கதவு திறந்தது. போட்டியிலிருந்து வந்த மருமகள் படியிறங்கி வந்து தாள்களைப் புரட்டினாள். அவளுக்கு இரண்டாம் பரிசு. நடுவர் சாகித்ய உச்சரிப்பில் கைவைத்துவிட்டாராம்.

"மாமா, யாருக்கு இந்த 13?"

"குதிரைக்கும்மா."

"எங்க ஜட்ஜுக்கு நீங்க எவ்வளவோ பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுத் தோசை மாவை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசி பாட்டில் அலாஸ்காவில் ஜூனோ நகரத்துப் புகை போர்ட்டர். ஜெர்மனியில் பாம்பெர்க் ஊர்க்காரர்கள் பீச் மரப் புகையில் பார்லியைக் காயவைப்பார்கள், லண்டன்காரர்களுடையது போர்ட்டர். இரண்டையும் சேர்த்து 1988-இல் அலாஸ்காக்காரர்கள் ஆல்டர் மரப் புகையைப் பிடித்தார்கள், அதுவும் சால்மன் மீனுக்குப் புகை போடுகிற உள்ளூர்க் கூடத்தில். மை நிறம், பழுப்பு நுரை. மூடியைத் திறந்ததும் அறையே மாறிவிட்டது. மச்சினன் மூக்கை கிளாஸுக்குள் விட்டு, "கேம்ப் ஃபயர்... பழைய தோல்... இன்னும் ஏதோ இருக்கு, பிடிபட மாட்டேங்குது" என்று பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மாடிப்படியின் மேலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"ஏல, கீழ என்ன மாசி வாடை அடிக்கு?"

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். தூத்துக்குடிச் சந்தையில் புகை போட்டுக் காய்ந்து கட்டை கட்டையாகக் கிடக்குமே, அதே மாசிக் கருவாடு. அவன் நடுங்கும் கையோடு வாசனைக் கட்டத்தில் 'மாசி' என்று எழுதி, 12-க்கு 12 போட்டான்.

"அக்கா, நீ அந்தப் பரீட்சைய எழுதுக்கா!"

"பரீட்சை கிடக்கட்டும். ரெண்டு துண்டு எடுத்துட்டு மேல வா, சம்பலுக்கு ஆகும்."