சுடாத கல்

சனிக்கு நீலம் போடச் சொன்ன ஜோதிடர், சூடு காட்டாத இலங்கைக் கல்தான் பேசும் என்கிறார். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத்துச் சிறியவேளார் 10ஆம் நூற்றாண்டில் அதே ஈழத்துக்குப் படையோடு போய் உயிரைக் கொடுத்தார். நமக்கு அவ்வளவு சிரமமில்லை, வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தால் போதும்.

1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இலங்கையின் மங்கலான கெவுடாக் கல்லை வாங்கி, உலையில் 1,500 டிகிரிக்கு மேல் சுட்டு நீலமாக்கினார்கள். அதிலிருந்து சுடாத கல்லின் விலை சுடுகிறது. ஆய்வகமோ ‘சூடேற்றிய அறிகுறி இல்லை’ என்றுதான் எழுதும், சத்தியம் செய்யாது.

பண்டாரத்தையே அடியார்க்குத் திறந்துவிட்ட இடங்கழி நாயனாரும் சிறியவேளாரின் கொடும்பாளூர்க்காரர்தான். நல்லவேளை, நகைக்கடை வைக்கவில்லை.

வாங்கியே தீருவீர்களென்றால், முன்பணத்துக்கு முன் ஆய்வகச் சான்றிதழைக் கேளுங்கள்.