மூத்ததற்கு ஒரு பிள்ளைத்தமிழ்

புதிதாகப் பிறந்த குழந்தையின் மேல் தமிழ்ப் புலவர்கள் காட்டிய பரிவில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்குக் கிட்டியதில்லை. பாட்டுடைத் தலைவனைக் குழந்தையாகப் பாவித்து, மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரையிலான வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடும் சிற்றிலக்கியம் பிள்ளைத்தமிழ் எனப்படும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைப் பாடியது தொடங்கி இவ்வகை நூல்கள் பெருகின. திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ் பாடிய பகழிக்கூத்தரும் கயிலாயத்து வீட்டின் இளைய பிள்ளையையே தொட்டிலில் இட்டார். நேற்றுவரை 'குழந்தை' என்று அழைக்கப்பட்டு, ஒரே இரவில் 'மூத்தது' என்று பெயர் மாற்றம் பெற்ற மூன்றரை வயதுப் பிரஜையின் பருவங்களை வகுத்துக் கூறுவார் இல்லாமையால், அக்குறையை இக்கட்டுரை இயன்ற அளவு நீக்க முயல்கிறது.

மூத்ததன் வரலாறு தாயின் வயிறு மேடிடும் நாளிலேயே தொடங்குகிறது. அம்மாவின் மடியில் ஏறிக் குதிக்கும் உரிமை முதலில் பறிக்கப்பட்டு, அதற்கு ஈடாகக் குறி சொல்லும் பதவி ஒன்று தரப்படுகிறது. கள்ளமறியாத பிள்ளையின் வாக்குப் பலிக்கும் என்னும் நம்பிக்கையில், வீட்டுக்கு வரும் அத்தையும் பெரியம்மாவும் அதைப் பிடித்து நிறுத்தி, "அம்மா வயித்துல தம்பியா, தங்கச்சியா? பட்டுனு சொல்லு" என்று கேட்கிறார்கள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டதால், தண்டனைக்கு அஞ்சாமல் அத்தொழிலை நடத்தக்கூடிய ஒரே வல்லுநர் மூத்ததுதான். அது "நாய்க்குட்டி" என்று விடை சொன்னால் ஏற்கப்படுவதில்லை. கேட்டவர் மனத்தில் உள்ள விடை வரும்வரை கேள்வி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டு, இறுதியில் களைத்துப்போய் அது உளறிய சொல்லே தெய்வ வாக்காக அறிவிக்கப்படுகிறது.

அடுத்தது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பது இப்பருவத்தின் இலக்கணம். மூத்ததன் நிலவோ அம்மாவின் வயிற்றுக்குள் இருக்கிறது. "உன்கூட விளையாட ஒரு பாப்பா வரப்போகுது" என்று வீட்டார் மாதக் கணக்கில் சொன்னதை நம்பி, பந்தையும் மட்டையையும் எடுத்து வைத்துக் காத்திருந்து, பிரசவ வார்டுக்கு அழைத்துச் செல்லப்படும் அதன் முன்னே, வெள்ளைத் துணியில் சுற்றப்பட்ட மூன்று கிலோ எடையுள்ள ஒரு பொட்டலம் காட்டப்படுகிறது. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது என்பதையும், அது நாளில் ஏறத்தாழ 16 மணி நேரத்தை உறங்கியே கழிக்கும் என்பதையும் எவரும் முன்கூட்டிச் சொல்லாத நிலையில், "இது எப்ப எந்திரிக்கும்?" என்பது மூத்ததன் முதல் கேள்வியாகவும், "எப்பத் திருப்பிக் குடுப்போம்?" என்பது இரண்டாம் கேள்வியாகவும் அமைகின்றன.

வர மறுக்கும் நிலவைப் பணியவைக்கச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் கையாள்வது அம்புலிப் பருவத்தின் மரபு. வீட்டார் அந்நான்கையும் மூத்ததன் மேல் ஒரே பகலில் பிரயோகித்துவிடுகிறார்கள். "நீதானே அண்ணன், சமத்துல்ல" என்று பாட்டி இன்சொல் கூறுவது சாமம். தொட்டிலின் அடியிலிருந்து ஒரு பொம்மைக் காரை எடுத்து, "பாப்பா உனக்கு வாங்கிட்டு வந்திருக்கு" என்று அப்பா நீட்டுவது தானம். மூடிய விரல்களைப் பிரிக்கவும் அறியாத ஒருவர் கடைக்குப் போனது எப்படி என்னும் ஐயம் அதற்கு எழாமலில்லை, ஆயினும் காரை வாங்கிக்கொண்ட பிறகே ஐயத்தைக் கேட்கும் அளவுக்கு அதற்கு உலகியல் அறிவு உண்டு. "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம், இதுதான் நிஜப் பாப்பா" என்று மாமா சீண்டுவது பேதம். "பாப்பாவை நாங்க தூக்கிட்டுப் போயிடட்டுமா?" என்று பக்கத்து வீட்டார் கேட்பதும் இவ்வகையினதே. மூத்தது பதறி அழும் என்று எதிர்பார்த்துக் கேட்கிற அவர், அது ஓடிப்போய்த் தம் செருப்பை வாசலில் ஜோடியாகத் திருப்பி வைப்பதைக் கண்டபின் மீண்டும் அக்கேள்வியைக் கேட்பதில்லை. "தொட்டே, அடிதான்" என்பது தண்டம். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

காப்புப் பருவத்தில் குழந்தையைக் காக்குமாறு தெய்வங்கள் வேண்டப்படும். ஈராறு கைகளையுடைய தெய்வமே காவலுக்கு நின்றாலும், முத்தம் கொடுக்க வரும் மூத்ததிடமிருந்து இளையதைக் காப்பது எளிதன்று. மண்டையோட்டு எலும்புகள் இன்னும் கூடாமல் மெத்தென்றிருக்கும் உச்சிக்குழியை அது விரலால் அழுத்திப் பார்க்கிறது. மூடிய இமையைத் திறந்து உள்ளே ஆள் இருக்கிறதா என்று சோதிக்கிறது. அன்பு மிகும்போது தான் தின்னும் முறுக்கில் பாதியை அதன் வாயில் திணிக்கவும் முற்படுகிறது.

தாலப் பருவம் என்பது நாவசைத்துத் தாலாட்டும் பருவம். பழைய பருத்திப் புடவையை உத்தரத்துக் கொக்கியில் கட்டி அமைக்கும் தூளியில் இளையது இல்லாத வேளை பார்த்து மூத்தது ஏறிப் படுத்துக்கொள்வதும், என்றோ மறந்த கட்டைவிரலைச் சூப்பத் தொடங்குவதும், படுக்கையை நனைப்பதும், தெளிவாகப் பேசிய வாயால் மழலை பேசுவதும் இப்பருவத்தின் குறிகள். வியன்னாவின் உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர் மூத்த பிள்ளையின் இந்நிலையை அரியணை இழத்தல் என்று வருணித்தார். அவரே தம் வீட்டில் இரண்டாம் பிள்ளையாதலால், அரியணையைப் பறித்தவர் தரப்பிலிருந்து வந்த அரிய ஒப்புதல் வாக்குமூலமாகவும் இதைக் கொள்ளலாம். இளையது உறங்கிய நொடியில் எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து முழக்குவது சிறுபறைப் பருவம். இதன் ஓசைநயத்தைத் தெருவே அறியும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 40 குடும்பங்களை ஆராய்ந்து ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் ஆகிய இருவரும் 1982இல் வெளியிட்ட நூல், பிறந்த குழந்தையைப் பசியும் விருப்பமும் உடைய ஓர் ஆளாகக் கருதி மூத்ததோடு பேசிய தாய்மார்களின் வீடுகளில் உடன்பிறப்புகளின் உறவு பின்னாளில் இணக்கமாக அமைந்ததைக் காட்டியது. "அது ஏன் அழுவுது, நீயே பாத்துச் சொல்லு" என்று கேட்கும் தமிழ்த் தாய் இதையே செய்கிறாள். அவ்வாறு கேட்கப்பட்ட அன்றே மூத்தது மொழிபெயர்ப்பாளராகி, "பாப்பாவுக்குப் பசிக்கலையாம், பிஸ்கட் எனக்குக் குடுக்கச் சொல்லுது" என்று அறிவிக்கிறது. ஆறாம் வார அளவில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் இளையதன் வாய் தன் கோமாளித்தனத்துக்கே விரிவதைக் கண்டதும், வீட்டில் தன்னை அண்ணாந்து பார்க்கும் ஒரே குடிமகன் இவன்தான் என்பதும், இழந்த அரியணையைவிடப் பெரிய பதவி கைக்கு வந்திருப்பதும் மூத்ததற்கு விளங்கிவிடுகின்றன.

அன்று ஏற்ற பதவியை மூத்தது பிறகு எந்நாளும் துறப்பதில்லை. ஐம்பது வயதில், தம்பி மகளின் திருமணப் பந்தலில் சம்பந்திகள் சூழ அமர்ந்து, "இவனை இந்த இடுப்புல தூக்கி வளர்த்தவன் நான்" என்று அது முழங்கும்போது, அவ்விடுப்பு அக்காலத்தில் அரைஞாண் கயிற்றுக்கே போதாதிருந்ததையும், மடியில் தலையணை வைத்து அரை நிமிடம் பிள்ளையைக் கிடத்தியதே அந்த வளர்ப்பின் முழு வரலாறு என்பதையும் அறிந்த ஒரே சாட்சியான தாய், சபையில் பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருக்கிறாள். தம்பியோ நடந்ததை நேரில் கண்டவன் போலத் தலையாட்டுகிறான்.