ஜாதவ்பூரில் ஒரு கதை வகுப்பு

ஒரு கதையில் கெட்டவன் யார் என்று கண்டுபிடிக்க எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சினிமா என்றால் இடைவேளைக்கு முன்பே சொல்லிவிடும். மேற்கு வங்கத்தின் அரசும் காவல்துறையும் நீதிமன்றமும் சேர்ந்து உட்கார்ந்து யோசித்ததில் பத்து வருஷம் ஒன்பது மாதம் ஆயிற்று. 2012 ஏப்ரலில் கேள்வித்தாளை வாங்கினார்கள், 2023 ஜனவரியில் விடைத்தாளைக் கொடுத்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் அதற்குள் செத்தே போய்விட்டார்.

அந்தக் கதை சத்யஜித் ராயுடையது. 1971இல் நாவலாக வந்து, 1974இல் அவரே படமாக எடுத்த ‘சோனார் கேல்லா’. முகுல் என்று ஒரு சின்னப் பையன். தன் முற்பிறவியில் பார்த்த தங்கக் கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறான். டாக்டர் ஹாஜ்ரா என்ற நல்ல அமானுஷ்ய உளவியல் ஆய்வாளர் அவனை ராஜஸ்தானுக்கு அழைத்துப் போகிறார். கோட்டை இருக்கிற இடத்தில் புதையலும் இருக்கும் என்று கணக்குப் போட்ட இரண்டு அயோக்கியர்கள் கூடவே ஒட்டிக்கொள்கிறார்கள். டாக்டரை உயரத்திலிருந்து தள்ளிவிட்டு, ஒருவன் தானே டாக்டர் ஹாஜ்ரா என்று வேஷம் போடுகிறான். அவர் எங்கே என்று திகைக்கும் பையனிடம், அவர் பொல்லாதவர், அதனால் மாயமாகிவிட்டார் என்று கதைவிடுகிறார்கள்.

படம் பார்க்கும் குழந்தைக்கு ராய் வைத்த பாடம் இங்கேதான் இருக்கிறது. முகுல் பார்க்காததைக் குழந்தை பார்த்திருக்கிறது. தள்ளிய கை யாருடையது என்று அதற்குத் தெரியும். ஆகவே ஒருவனைப் பொல்லாதவன் என்று இன்னொருவன் சொன்னால், சொன்னவன் யார், ஏன் சொல்கிறான், சொல்வதால் அவனுக்கு என்ன லாபம் என்று பார்க்க அது பழகிக்கொள்கிறது. தொடக்கப்பள்ளியில் கதை சொல்லிக்கொடுக்கிற நல்ல ஆசிரியர் எவரும் செய்வது இதையே. பையன் எழுந்து, “அவன் கெட்டவன் டீச்சர்” என்றால் உட்காரச் சொல்லமாட்டார். “எதை வைத்துச் சொல்கிறாய்?” என்று கேட்பார். அவன் செய்ததையா, பேசியதையா, யாரும் பார்க்காதபோது நடந்துகொண்டதையா, அல்லது பக்கத்தில் இருப்பவன் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டாயா? குணம் கண்டறியும் கலை முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம்.

இனி வகுப்பறையை விட்டுக் காவல் நிலையத்துக்குப் போவோம்.

2012 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி பட்ஜெட்டில் கட்டணத்தை உயர்த்தினார். அவர் கட்சித் தலைவியும் மேற்கு வங்க முதல்வருமான மம்தா பானர்ஜிக்குக் கோபம் வந்தது. நாலே நாளில் அமைச்சர் ராஜினாமா செய்தார். அந்த நாற்காலியில் அமர்ந்தவர் பெயர், தெய்வச் செயலாக, முகுல் ராய். வங்காளத்தில் ஒரு முகுல் புதிதாக ஓரிடத்தில் வந்து உட்கார்ந்தால் ஊர் மொத்தத்துக்கும் ‘சோனார் கேல்லா’ ஞாபகம் வராமல் போனால்தான் ஆச்சரியம். இந்த மூவர் படத்தையும் ஒட்டி யாரோ ஒரு கேலிச்சித்திரம் செய்தார்கள். ரயில்வேதான் தங்கக் கோட்டை, பழைய அமைச்சர்தான் மாயமான பொல்லாத ஆள். சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க வேண்டிய சங்கதி.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா அதை வரையவில்லை. தனக்கு வந்ததை, தன் குடியிருப்போர் சங்கத்தாருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். ஏப்ரல் 12ஆம் தேதி இரவு ஆளுங்கட்சி ஆட்கள் அவரைப் பிடித்து அடித்தார்கள். நான் மார்க்சிஸ்ட் கட்சிக்காரன், வேண்டுமென்றே அனுப்பினேன் என்று மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று அவரே பிறகு சொன்னார். கிழக்கு ஜாதவ்பூர் காவல் நிலையம் என்ன செய்தது? அடி வாங்கியவரைக் கைது செய்தது. சங்கத்தின் மின்னஞ்சல் முகவரி பயன்பட்டதால், செயலாளரான எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற பொறியாளரையும் உள்ளே வைத்தது. இரவு முழுக்க லாக்கப். மறுநாள் அலிப்பூர் நீதிமன்றத்தில் ஜாமீன்.

போட்ட பிரிவுகளைப் பாருங்கள். அவதூறு, சரி, எல்லா அரசுகளுக்கும் அது பாலபாடம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ, யாருக்காவது எரிச்சல் மூட்டினாலே குற்றம் என்கிற சட்டம். 2008 டிசம்பரில் நாடாளுமன்றம் கூச்சலுக்கு நடுவே விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. அரசுக்கு எரிச்சல் வருவதைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்பதில் எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. ஆனால் மகுடம் வைத்தது இந்திய தண்டனைச் சட்டம் 509, பெண்ணின் மானத்துக்கு இழுக்கு. குழந்தைகள் படத்தின் காட்சி ஒன்றில் மூன்று அரசியல்வாதிகளின் முகத்தை ஒட்டினால் அதில் பெண்ணின் மானம் எங்கே வந்தது? எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்க அந்த நிலையத்தில் ஒரு மூன்றாம் வகுப்பு டீச்சர் இல்லை.

கதையில் நிஜமான பொல்லாதவன் யார் என்று கேலிச்சித்திரம் யாரை நோக்கியும் விரல் நீட்டவில்லை. படத்தில் அந்தச் சொல்லைச் சொல்பவர்கள் அயோக்கியர்கள் என்பதைப் பார்க்கிறவர்களின் நினைவுக்கு விட்டுவிட்டது. அங்கேதான் எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஓர் அரசாங்கமே எழுந்து நின்று கத்தியது. முதல்வர் கைதை வெளிப்படையாக ஆதரித்தார், சதி என்றார். ஒரு குழந்தைக் கதையில் தன் கதாபாத்திரம் எது என்று தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட ஆட்சி உலக வரலாற்றில் அபூர்வம்.

இதெல்லாம் நடந்த ஊர் எது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில்தான் 1956இல் புத்ததேவ் போஸ் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். நாட்டிலேயே முதல் துறை. ஒரு கதையை இன்னொரு கதைக்குப் பக்கத்தில் வைத்து எப்படி வாசிப்பது என்று இந்தியாவுக்குச் சொல்லிக்கொடுத்த வளாகம். அந்த வளாகத்தின் பேரைத் தாங்கிய காவல் நிலையத்துக்கு ஒரே ஒரு கதையை வாசிக்கத் தெரியவில்லை.

2012இல் மேற்கு வங்கத்தில் குணம் கண்டறியும் திறன் பொதுவாகவே உச்சத்தில் இருந்தது. மே மாதம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு கல்லூரி மாணவி கேள்வி கேட்டார். முதல்வர் அவரை மாவோயிஸ்ட் என்று கண்டறிந்து நிகழ்ச்சியிலிருந்து எழுந்து போனார். ஆகஸ்டில் பேல்பஹாரி கூட்டத்தில் ஒரு விவசாயி உர விலையைப் பற்றிக் கேட்டார். அவரும் மாவோயிஸ்ட் என்று மேடையிலேயே கண்டறியப்பட்டார், பின்னால் சிறைக்கும் போனார். வாயைத் திறந்தான், கேள்வி கேட்டான், ஆகவே மாவோயிஸ்ட். சான்று? கேள்விதான் சான்று.

அதே ஆகஸ்டில் மாநில மனித உரிமை ஆணையம் விடைத்தாளைத் திருத்தியது. தலைவராக இருந்தவர் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி அசோக் குமார் கங்குலி. படத்தில் 509க்கு இடம் தரும் எதுவும் தூரத்தில்கூட இல்லை என்று ஆணையம் சொன்னது. இருவருக்கும் ஆளுக்கு 50,000 ரூபாய் கொடுங்கள், இரண்டு காவல் அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை எடுங்கள் என்றது. அரசு மறுத்துவிட்டது. ஃபெயில் ஆன பையன் திருத்திய வாத்தியார் மேல் பாய்வது நம் ஊர்களிலும் உண்டுதானே. 2015 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னபடி செய் என்று உத்தரவிட வேண்டி வந்தது. அதே மாதம் 24ஆம் தேதி, ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தூக்கிப்போட்டது.

வழக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சட்டம் செத்துவிட்டது, வழக்கு சாகவில்லை. 2021 செப்டம்பரில்கூட, என்னை விடுவியுங்கள் என்று பேராசிரியர் போட்ட மனுவை அலிப்பூர் மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தார். நாடெங்கும் செத்த பிரிவில் வழக்குகள் நடப்பதைக் கேள்விப்பட்டு உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்த சில வாரங்களுக்குப் பிறகு இது. நடுவில், 2022 மே மாதம், ரவீந்திரர் பிறந்த நாளில், மேற்கு வங்க பாங்லா அகாதமி புதிதாக ஓர் இலக்கிய விருதை உருவாக்கி, முதல் விருதை முதல்வரின் கவிதைத் தொகுப்புக்கே கொடுத்தது. ராயின் கதையை நினைவுபடுத்தியவர் நீதிமன்ற வாசலில். கதையைக் கொலைச் சதி போல வாசித்தவர்கள் விருது மேடையில். ஓர் எழுத்தாளர் அகாதமி தனக்கு முன்பு தந்த விருதைத் திருப்பிக் கொடுத்தார். அவருக்காவது வாசிக்கத் தெரிந்திருந்தது.

கொல்கத்தாவைப் பார்த்துச் சிரிக்கிற தமிழன் கொஞ்சம் பொறுக்கவும். 1987 மார்ச்சில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு துணுக்கு வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட்காரன் சாயலில் இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் சாயலில் இருப்பவர் மந்திரி என்று பதில். தோற்றத்தை வைத்துக் குணம் கண்டறியும் பயிற்சி, அவ்வளவே. 234 பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் சட்டமன்றம் தன்னை அடையாளம் கண்டுகொண்டது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்து ஏப்ரல் 4ஆம் தேதி சிறைக்கு அனுப்பினார். நாடு கொதித்ததும் இரண்டொரு நாளில் விட்டார்கள். அந்தக் கைது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 1994 ஆயிற்று. இழப்பீடு 1,000 ரூபாய்.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் குழந்தைகளோடு எரிந்தது. கார்ட்டூனிஸ்ட் பாலா அதை வரைந்தார். எரிகிற குழந்தை, எதிரே ரூபாய் நோட்டால் மானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும் அதிகாரம். அரசு அந்தப் படத்தில் எதைப் பார்த்தது? குழந்தையைப் பார்க்கவில்லை. தன் அம்மணத்தைப் பார்த்தது. பாலாவைச் சென்னைக்கு வந்து கைது செய்து கொண்டுபோனது.

இந்த விஷயத்தில் தமிழுக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. உலகத்திலேயே மிக நல்ல குணம் கண்டறிதல் பாடம் நம்மிடம் இருக்கிறது, சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில். கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் ஆளைப் பார்க்கிறார்கள். இவன் கள்வனாக இருக்கமுடியாது என்கிறார்கள். சரியான வாசிப்பு! உடனே பொற்கொல்லன் வகுப்பெடுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று களவு நூலிலிருந்து எட்டு உறுப்புகளை ஒப்பிக்கிறான். திருடனே திருட்டைப் பற்றிக் கைடு போட்டுப் பாடம் நடத்துகிறான். காவலர்கள் ஆளை விட்டுவிட்டு நூலை வாசிக்கத் தொடங்குகிறார்கள். ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான். எதை வைத்துச் சொல்கிறாய் என்று பொற்கொல்லனைக் கேட்டிருந்தால் காப்பியம் அங்கேயே முடிந்திருக்கும்.

பாண்டிய மன்னனுக்கும் நம் ஆட்சியாளர்களுக்கும் ஒரு வித்தியாசம். அவன் சான்றைக் கேட்டான், தாமதமாகவேனும். சிலம்பை வரவழைத்தான், உள்ளே முத்தில்லை, மாணிக்கம் தெறித்தது, தானே கள்வன் என்று அதே சபையில் ஒப்புக்கொண்டு செத்தான். மேல்முறையீடு செய்யவில்லை. ஆணையத்தின் பரிந்துரையை நிராகரிக்கவில்லை. தன் கவிதைக்குத் தானே விருது வாங்கிக்கொள்ளவில்லை.

நம் பள்ளிகளில் பொற்கொல்லன்தான் இன்னும் பாடம் எடுக்கிறான். ‘கண்ணகியின் குணநலன்களை எழுதுக’ என்று கேள்வி. கற்பு, பொறுமை, வீரம் என்று கைடில் அச்சடித்த பட்டியலை ஒப்பித்தால் ஐந்துக்கு ஐந்து. கதையில் எந்த இடத்தில் அது தெரிகிறது என்று எவரும் கேட்பதில்லை. கோவலன் நல்லவனா என்று ஒரு பெண் எழுந்து கேட்டால் சிலபஸில் இல்லை என்று உட்கார வைக்கிறோம். பெயரடையை மனப்பாடம் செய்து ஆள் மேல் ஒட்டப் பழகிய பிள்ளை வளர்ந்து சப்-இன்ஸ்பெக்டர் ஆகும்போது, அதே பெயரடைகளைப் பிரிவுகளாக எஃப்.ஐ.ஆரில் ஒட்டுகிறது. நாளைக்கு அதே பிள்ளை மாஜிஸ்திரேட்டாகவும் வரும்.

ஆசிரியர்களே, ‘சோனார் கேல்லா’வைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். பிறகு யார் பொல்லாதவர் என்று கேளுங்கள். சான்று இல்லாமல் சொல்கிற எவருக்கும் மார்க் போடாதீர்கள். சைரன் வைத்த வண்டியில் வந்து சொன்னாலும் முட்டைதான்.