ரெண்டு செகண்டு, கையிலயே!

கேமராப் பித்தர் ஒருவர் இருக்கிறார். அருவிப் படத்தை நீட்டுவார். "நல்லா இருக்கு சார்" என்றால் முகம் சுருங்கிவிடும். அவர் எதிர்பார்ப்பது வேறு கேள்வி. கேட்காவிட்டாலும் பதில் வரும்: "ரெண்டு செகண்டு. கையிலயே!"

பிறகு படத்தைப் பெரிதாக்குவார். இன்னும், இன்னும். பாறை இடுக்கில் முளைத்த ஒரு புல் திரை முழுக்க வந்ததும் நிறுத்தி, "ஆடியிருக்கா பாருங்க" என்பார். ஆடவில்லைதான். குற்றாலம் ஐந்தருவியின் ஐந்து கிளைகளும் திரைக்கு வெளியே எங்கோ விழுந்துகொண்டிருக்கும்.

டிரைபாட் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. அது இல்லாமல் சமாளிப்பதற்கென்றே ஒரு சடங்கு வைத்திருக்கிறார். முதுகைத் தூணில் சாய்ப்பார், முழங்கைகளை விலாவில் ஒட்டுவார், பாதி மூச்சை விட்டு மீதியை நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் மனைவியும் பேசக் கூடாது. பையன் பஜ்ஜி கேட்டால் அந்த இரண்டு செகண்டு கழித்துத்தான் கேட்க வேண்டும்.

கணக்கும் சொல்வார். 24 எம்எம் லென்ஸில் கை ஆடாமல் எடுக்க 1/25 செகண்டுதான் பழைய வரம்பு. கேமராவின் ஆட்டத் தடுப்பு தரும் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் அந்த நேரம் இரட்டிப்பாகும். ஐந்தரை ஸ்டாப் கிடைத்தால் இரண்டு செகண்டைத் தொட்டுவிடலாம். கை ஆடும் திசையை கைரோ உணர்ந்து சொல்ல, கேமராவுக்குள் சென்சாரே நகர்ந்து அதை ஈடுகட்டுகிறது. 2012இல் ஒலிம்பஸ் இ-எம்5 இதை ஐந்து அச்சுகளில் செய்துகாட்டிய நாளிலிருந்து இவரைப் பிடிக்க முடியவில்லை.

படம் ஆடிப்போனாலும் அசரமாட்டார். "பூமி சுத்துதுல்ல?" இது கட்டுக்கதை இல்லை. பூமியின் சுழற்சியையும் கைரோ அசைவாக எடுத்துக்கொள்வதால் 6.5 ஸ்டாப்புக்கு மேல் போவது கடினம் என்று 2016இல் ஒலிம்பஸ் தரப்பிலேயே சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் கை ஒருமுறைகூட நடுங்கியதில்லை. எல்லாம் பூமியின் வேலை. 2019இல் அதே ஒலிம்பஸ் 7.5 ஸ்டாப், மறு ஆண்டு கேனான் ஆர்5 எட்டு ஸ்டாப் என்று அறிவித்தபோது பாவம், கொஞ்ச நாள் பேச்சில்லாமல் இருந்தார்.

அவரைக் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள தஞ்சைப் பெரிய கோயிலில் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். டிரைபாடோடு வந்தவர்கள் அதற்கு அலையும்போது, மங்கிய வெளிச்சத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்று அவர் எடுக்கும் சிற்பங்கள் அற்புதமாக இருக்கும். கல் ஆடாதே.

மனிதர்கள் ஆடுவார்கள். உறவினர் ஒருவரின் அறுபதாம் கல்யாணத்தில், மாலை வெளிச்சத்தில், குடும்பம் மொத்தத்தையும் நிற்கவைத்து அரை செகண்டில் எடுத்தார். குத்துவிளக்கு துல்லியம். வாழைமரம் துல்லியம். பேரப்பிள்ளைகளுக்கு முகமே இல்லை. கேமரா தன் அசைவைத்தான் ஈடுகட்டும், எதிரே நிற்பவர் அசைவை அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஐஎஸ்ஓவை ஏற்றியிருந்தால் முடிந்திருக்கும். ஏற்றினால் செகண்டு குறைந்துவிடுமே!

அந்த வீட்டுக் கூடத்தில் இப்போது மாட்டியிருப்பது, சமையல்காரரின் உதவிப் பையன் செல்போனில் எடுத்த படம்.